ஐ.பி.எஸ். நோய்க்குக் குடற் பக்டீரியாதான் காரணமா? மலப் பரிசோதனைப் பொதியை வாங்கலாமா?

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

அனைவருக்கும் வணக்கம். மாரி வெள்ளத்தில் எங்கள் கிணறு மூழ்கிய ஆண்டில் எனக்குக் கடுமையான வயிற்றோட்டம் ஏற்பட்டது. சேலைன் ஏற்றி, நுண்ணுயிர்கொல்லி தந்த பின்னர் அது அடங்கியது. ஆனால் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும் முன் இரண்டு மூன்று தடவை அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது. அடிவயிற்றை முறுக்கும் வலி, மலம் கழித்ததும் தணிகிறது. மண்முனைப் பாலம் கடந்து நகருக்குப் போகும் பேருந்தில் ஏறுவதற்கே அச்சமாக உள்ளது. இரத்தம், மலம் ஆகியவற்றைச் சோதித்து, கொலனோஸ்கோப்பியும் செய்து பார்த்த விசேட வைத்தியர், எல்லாம் சரியாக இருக்கிறது, இது ஐ.பி.எஸ். (சோதனைகளில் கோளாறு தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் தொடரும் குடல் நோய்) என்று கூறினார்.

இப்போது என் கேள்வி வேறு. இணையத்தில் ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. நமது மலத்தைச் சிறு குப்பியில் அடைத்து அனுப்பினால், குடலில் உள்ள பக்டீரியாக்களைப் பட்டியலிட்டு, எது கூடியுள்ளது, எது குறைந்துள்ளது என்று வண்ணப் படம் வரைந்து தருவார்களாம்; பின்னர் அதற்கேற்ற கப்சியூல்களையும் அவர்களே விற்பார்களாம். அதன் விலை என் அரைமாதச் சம்பளத்துக்கு மேல். அம்மாவோ, தினமும் ஒரு கிண்ணம் எருமைத் தயிர் சாப்பிட்டால் போதும், ஏன் காசைக் கரைக்கிறாய் என்கிறார். விபரம் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

ஆய்வுகூடத்தான் (மட்டக்களப்பு நகர்)

தம்பி, நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் பணிபுரிபவன், வைத்தியர் அல்லன். பரிசோதனை என்ற பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடற் பக்டீரியாக்கள் மற்றவர்களுடையவற்றிலிருந்து வேறுபடுகின்றன என்பது வெறும் விளம்பரப் பேச்சல்ல. 2019இல் 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த ஒரு மீளாய்வு வெளிவந்தது. அதன்படி ஐ.பி.எஸ். உள்ளவர்களில் என்டரோபக்டீரியேசி, லக்டோபசில்லேசி ஆகிய குடும்பங்களும் பக்டீரொயிடிஸ் பேரினமும் கூடியிருந்தன; பைபிடோபக்டீரியமும் பீகலிபக்டீரியமும் குறைந்திருந்தன. பின்னையது நார்ப்பொருளைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குவது; பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் தமது சக்தியின் பெரும்பகுதியை அந்த அமிலத்திலிருந்தே பெறுகின்றன. ஆகவே அது குறைந்தால் குடற்சுவர் நலிவடையக்கூடும் என்ற ஊகம் எழுவது இயல்பே.

ஆனால் அந்த மீளாய்வையே கவனமாக வாசித்தால், ஓர் ஆய்வில் கூடியிருந்தது மற்றோர் ஆய்வில் கூடாமலும், பல்வகைமை சிலவற்றில் குறைந்தும் சிலவற்றில் மாறாமலும் இருப்பது தெரியும். மேலே சொன்னவையெல்லாம் கூட்டத்தின் சராசரிகள். நோயுள்ள நூறு பேரையும் நோயற்ற நூறு பேரையும் எதிரெதிரே நிறுத்தினால் வேறுபாடு தெரிகிறது. தனியொருவரின் மலத்தை என் மேசையில் வைத்து, இவருக்கு ஐ.பி.எஸ். உண்டா இல்லையா என்று கேட்டால், பக்டீரியாப் பட்டியலைப் பார்த்து என்னாலோ வேறெவராலோ சொல்ல முடியாது. ஹீமோகுளோபினுக்கு ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு என்ற வழமையான வீச்சு இருக்கிறது. பீகலிபக்டீரியத்துக்கு அப்படி எல்லாரும் ஏற்றுக்கொண்ட வீச்சு எதுவும் கிடையாது. வண்ணப் படத்தில் பச்சை, சிவப்பு என்று தீட்டுவது விற்பவர் தாமே வகுத்துக்கொண்ட எல்லை.

இன்னும் ஒன்று. மலத்தில் இருப்பது முழுவதும் குடற்சுவரில் ஒட்டி வாழ்வதன் பிரதியல்ல. வயிற்றோட்டமாகப் போகும் நாளில் எடுத்த மாதிரிக்கும் இறுகிப் போகும் நாளில் எடுத்த மாதிரிக்கும் இடையிலேயே வேறுபாடு இருக்கும். முந்திய நாட்களில் உண்ட உணவு, விழுங்கிய மருந்து, மாதிரி குளிரூட்டப்படாமல் தபாலில் கிடந்த நேரம் ஆகிய எல்லாமும் முடிவை அசைக்கும். ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருப்பவை. அந்தத் திரளை ஒரு குப்பி மலத்தால் அளந்துவிட்டோம் என்பது துணிச்சலான கூற்று.

சம்மாந்துறை விஞ்ஞான ஆசிரியர்

ஆய்வுகூடத்தார் பரிசோதனையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எனினும் "சராசரி" என்று சொல்லி பக்டீரியாவை முழுவதுமாகக் குற்றக்கூண்டிலிருந்து இறக்கிவிடுவது சரியல்ல. 2017இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், வயிற்றோட்ட வகை ஐ.பி.எஸ். உள்ளவர்களின் மல நுண்ணங்கிகளை, நுண்ணங்கியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள் செலுத்தினார்கள். அந்த எலிகளின் குடலில் உணவு விரைவாக நகர்ந்தது. பதற்றமும் உள்ள நோயாளிகளிடமிருந்து பெற்ற எலிகள் பதற்றத்தையும் காட்டின. நோயற்றவர்களின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகளில் இவ்வாறு நிகழவில்லை. வெறும் பின்விளைவு என்றால் எலிக்கு எப்படிக் கடத்தப்பட்டது?

மறுபுறம், குடல் வேகமாக அசைந்தாலே அதில் தங்கும் பக்டீரியாக்கள் மாறிவிடும் என்பதும் உண்மை. விதை முந்தியதா மரம் முந்தியதா என்ற இந்தக் கேள்வியில் நான் விதையின் பக்கம், அதாவது பக்டீரியாவே காரணம் என்ற பக்கம், சற்றுச் சாய்கிறேன்.

ஆய்வுகூடத்தான்

சேர், நானும் இறக்கிவிடவில்லை. தம்பியின் கதையிலேயே பக்டீரியா தொடக்கத்தில் நிற்கிறது. குடற்தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அதன் பின்னர் ஐ.பி.எஸ். தொடர்கிறது, பெண்களிலும், நீண்ட நாட்கள் வயிற்றோட்டம் இருந்தவர்களிலும், அந்த வேளையில் மனப் பதற்றத்துடன் இருந்தவர்களிலும், நுண்ணுயிர்கொல்லி எடுத்தவர்களிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி கனடாவின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழைக்குப் பின்னர் மாட்டெரு கலந்த நீர் ஊரின் குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கி, ஈ.கோலை, கம்பைலோபக்டர் ஆகிய இரு பக்டீரியாக்களும் பரவின. ஏழு பேர் இறந்தனர், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு மூன்று ஆண்டுகளின் பின்னர் 28 சதவீதமளவில் இருந்த ஐ.பி.எஸ்., எட்டாண்டுகளில் 15 சதவீதமளவுக்கு இறங்கியிருந்தது. அப்போதும் தொற்று ஏற்படாதவர்களைவிட அது ஏறத்தாழ மூன்று மடங்கு. மழை, மாடு, கிணறு என்ற மூன்றும் எங்கள் படுவான்கரைக்கும் அம்பாறையின் வயற்கிராமங்களுக்கும் புதியவையல்ல. நவம்பர் தொடக்கம் தை வரை இங்கும் அதே கதைதான்.

கிருமி போன பின்னும் வலி ஏன் போகவில்லை என்பதற்கு 2021இல் பெல்ஜியத்தின் லூவன் குழுவினர் ஒரு விளக்கம் தந்தார்கள். தொற்று நடந்துகொண்டிருக்கையில் உண்ணப்படும் உணவுப் புரதத்தையும் எதிரியாகக் குடலின் நோயெதிர்ப்புத் தொகுதி பதிந்துகொள்கிறது. தொற்று நீங்கிய பின்னர் அதே உணவு வரும்போது குடற்சுவரிலுள்ள மாஸ்ட் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை விடுவித்து நரம்பைத் தூண்டுகின்றன. எலியில் முழுமையாகக் காட்டினார்கள். மனிதரில் 12 நோயாளிகளின் குடற்சுவரில் கோதுமை, பால், சோயா போன்றவற்றைச் செலுத்தியபோது அந்தந்த இடத்தில் தாக்கம் ஏற்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் "எல்லாச் சோதனையும் சரி, ஆகவே உன் மனதில்தான் கோளாறு" என்று கூறுபவர்களுக்கு இதுவே போதிய மறுப்பு.

வாவிக்கரை (கல்லடி)

ஐ.பி.எஸ். என்றாலே வயிற்றோட்டம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு மலச்சிக்கல் வகை. வயிறு மத்தளம்போல் ஊதி, மாலையில் சேலைக் கொசுவத்தைத் தளர்த்த வேண்டியிருக்கும். என்னைப் போன்றோரில் பலருக்கு மெதேன் வாயு கூடுதலாக உருவாகிறது என்றும், அதை உண்டாக்கும் மெதனோபிரெவிபக்டர் ஸ்மிதியை என்பது உண்மையில் பக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு வகுப்பு என்றும், மெதேன் குடலின் அசைவை மந்தப்படுத்துகிறது என்றும் என் வைத்தியர் விளக்கினார்.

அவரிடம் போவதற்கு முன்னர் நான் அலைந்த அலைச்சல் பெரிது. ஒரு தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "அமீபா" என்று சொல்லி மெட்ரோனிடசோல் எழுதினார்கள். மலத்தைச் சோதிக்கவே இல்லை. வாயில் உலோகக் கசப்பும் குமட்டலும் மிஞ்சியதே தவிர வேறு பயன் கிடைக்கவில்லை.

ஆய்வுகூடத்தான்

அக்கா சொன்னது இப்பகுதியின் பழைய வழக்கம். அமீபா உண்மையிலேயே இருந்தால் மெட்ரோனிடசோல் அவசியம். நுணுக்குக்காட்டியில் பார்க்காமலே மீண்டும் மீண்டும் விழுங்குவது, காற்றில்லாச் சூழலில் வாழும் குடற் பக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கும்.

ஐ.பி.எஸ்.இல் ஆராயப்பட்ட நுண்ணுயிர்கொல்லி வேறு: குடலுக்குள்ளேயே தங்கி, இரத்தத்தில் பெரிதும் கலக்காத ரிபக்சிமின். 2011இல் வெளிவந்த இரு பெரும் ஆய்வுகளில், மலச்சிக்கல் இல்லாத 1,260 நோயாளிகளில் பாதியளவினருக்கு 550 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, இரு வாரங்களுக்கு அது கொடுக்கப்பட்டது; மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நிவாரணம் பெற்றவர்கள் 40.7 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 31.7 சதவீதம். அமெரிக்காவில் 2015இல் வயிற்றோட்ட வகைக்கு அனுமதியும் கிடைத்தது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: மருந்தின் உண்மையான இலாபம் நூற்றுக்கு ஒன்பது பேர். வெற்று மாத்திரையிலேயே மூன்றில் ஒருவர் தேறுகிறார் என்றால், கப்சியூல் விற்பவரின் பக்கத்தில் "நான் குணமடைந்தேன்" என்று எழுதும் வாடிக்கையாளர்களை எப்படி எடைபோடுவது என்பதும் விளங்கும்.

தயிர்ச்சட்டி (வெல்லாவெளி)

எங்கள் குடும்பம் எருமைப் பட்டி வைத்திருப்பது. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்சியூலில் இருப்பதும் பக்டீரியா, சட்டியில் இருப்பதும் பக்டீரியா. பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி உறை சேர்த்து, மண்சட்டியில் ஊற்றி வைக்கிறோம். சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் வெட்டி எடுக்கும் பதத்தில் இறுகுகிறது. நூற்றாண்டுகளாக மட்டக்களப்பார் உண்டு வந்ததை விட்டுவிட்டு, புட்டியில் வருவதற்கு அரைமாதச் சம்பளம் ஏன்?

ஆய்வுகூடத்தான்

விலையைப் பொறுத்தவரை உங்களோடு முழு உடன்பாடு. கப்சியூலாயினும் தயிராயினும் அவற்றின் பக்டீரியாக்கள் பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை. உண்ணும் காலத்தில் கடந்துபோகின்றன, நிறுத்தினால் மறைகின்றன. அமெரிக்காவின் குடல் நோய் வைத்தியர் சங்கங்கள் 2020, 2021ஆம் ஆண்டு வழிகாட்டல்களில் ஐ.பி.எஸ்.க்கு இத்தகைய கப்சியூல்களைச் சிபாரிசு செய்யவில்லை. பிரித்தானிய வழிகாட்டல் சற்றுத் தளர்வானது: விரும்பினால் 12 வாரங்கள் வரை முயன்று பாருங்கள், பயனில்லையெனில் நிறுத்துங்கள் என்கிறது.

தயிரில் ஒரு நன்மை உறுதியானது. அதிலுள்ள உயிருள்ள பக்டீரியாக்கள் பாலிலுள்ள சீனியான லக்டோசை உடைக்க உதவுவதால், பால் ஒத்துவராத பலர் தயிரைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் எருமைத் தயிரில் கொழுப்பு மிகுதி. கொழுப்பு மிகுந்த உணவு சிலருக்குக் குடலசைவைத் தூண்டி வலியைக் கூட்டும். தயிரை உணவாக உண்ணுங்கள். மருந்தென்று எண்ணி நாளுக்கு அரைச்சட்டி உண்ண வேண்டியதில்லை.

கறிக்கூட்டு (கல்முனை)

நான் போசணைத்துறையில் படித்தவள். பக்டீரியாவை மாற்றுவதைவிட, அவற்றுக்கு எதை உண்ணக் கொடுக்கிறோம் என்பதிலேயே நம் கைக்கு எட்டிய வழி இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2005 அளவில் முன்வைத்த பொட்மப் குறைந்த உணவுமுறை அதுதான். சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடையும் சிறுசங்கிலி மாச்சத்துகளையே பொட்மப் என்கிறார்கள்; அவற்றைப் பக்டீரியாக்கள் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன; அச்சத்துகள் நீரையும் உள்ளிழுக்கின்றன. குடல் உப்புகிறது. எல்லாருக்கும் நிகழ்வதுதான் இது, ஐ.பி.எஸ். உள்ளவரின் குடல் நரம்புகள் அந்த உப்பலை வலியாக உணர்கின்றன.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களெல்லாம் அப்பிள், கோதுமைப் பாண் என்று போவதால் நமது சமையலறைக்குள் நுழைந்து சொல்கிறேன். சோறு, அரிசிமாப் பிட்டு, இடியப்பம், அரிசிமா அப்பம் ஆகியவற்றில் தடையில்லை. மீன், முட்டை, இறால், நண்டு எதுவும் பிரச்சினையல்ல. பிரச்சினை ஆணத்தில் (கறிக்குழம்பில்) இருக்கிறது. வெண்காயமும் உள்ளியும் பிரக்டன் என்ற பொட்மப் வகை நிறைந்தவை; பிரக்டன் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பாலாணத்திலோ சொதியிலோ வெண்காயத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து, பின்னர் அதை ஒதுக்கிவிட்டு ஆணத்தை மட்டும் ஊற்றிக்கொள்வதால் பயனில்லை. சத்து ஏற்கெனவே ஆணத்தில் இறங்கிவிட்டது. மாறாக, உள்ளியைத் தட்டி வெறும் எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, உள்ளியை முழுவதுமாக அரித்தெடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கறிவேப்பிலையும் இரம்பையும் தாளித்தால் மணம் கிடைக்கும், பிரக்டன் கிடைக்காது. வெண்காயத்துக்குப் பதிலாக வெண்காயத்தாளின் பச்சைப் பகுதியையோ லீக்சின் பச்சை இலையையோ நறுக்கிப் போடலாம். மிளகாய்த்தூளில் பொட்மப் இல்லையெனினும், காரம் தனியாகவே சிலரின் குடலை எரிக்கும். நம்மூர் மீன்குழம்பைச் சற்று மட்டுப்படுத்துவது நல்லது.

பருப்பை ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, அவித்துச் சிறிதளவு உண்டால் பலர் தாங்கிக்கொள்வர். கோயில் கடலை, மரமுந்திரிப் பருப்பு, மாம்பழம், தேன் ஆகியவை முதல் கட்டத்தில் வேண்டாம். இந்த முதல் கட்டம் நான்கு முதல் ஆறு வாரங்களே. பயன் தெரிந்தால், ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்து, தன் வயிற்றுக்கு ஆகாதது எது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. பலர் முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி மெலிந்துவிடுகிறார்கள்.

சம்மாந்துறை விஞ்ஞான ஆசிரியர்

தங்கையின் விளக்கம் தெளிவானது. ஆனால் ஒரு முரண்பாட்டைக் கவனித்தீர்களா? ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பைபிடோபக்டீரியம் குறைவு என்று இந்த இழையின் தொடக்கத்தில் படித்தோம். அந்தப் பக்டீரியாவின் விருப்ப உணவே வெண்காயத்திலும் பருப்பிலும் உள்ள மாச்சத்துகள். லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2012இல் இந்த உணவுமுறையைச் சோதித்தபோது நோயாளிகளின் வலி குறைந்தது, பைபிடோபக்டீரியமும் குறைந்தது. பக்டீரியாக் குறைவுதான் நோயென்றால், அதை மேலும் குறைக்கும் உணவு எப்படிச் சுகம் தருகிறது?

கறிக்கூட்டு

மிகச் சரியான கேள்வி, சேர். அதனால்தான் "நல்ல பக்டீரியாவைக் கூட்டினால் நோய் தீரும்" என்ற வாய்ப்பாட்டை நான் நம்புவதில்லை. அறிகுறிகளை உண்டாக்குவது வாயுவும் நீரும் நரம்பின் கூருணர்வும்; பக்டீரியாவின் எண்ணிக்கையும் அறிகுறியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல. அதே குழுவினர் 2017இல் பைபிடோபக்டீரியம் அடங்கிய கலவையொன்றை இந்த உணவுமுறையோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்த எண்ணிக்கை மீண்டது. கட்டுப்பாட்டைச் சில வாரங்களுக்கு மேல் நீட்டக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சம்மாந்துறை விஞ்ஞான ஆசிரியர்

ஏற்கிறேன், எனினும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவை என்ன இரசாயனங்களைச் சுரக்கின்றன என்று பார்த்தால் விதையின் பக்கம் வலுப்பெறும் என்பதே என் கருத்து. 2022இல் சில நோயாளிகளின் குடலில் கிளெப்சியெல்லா ஏரோஜெனிஸ் என்ற பக்டீரியா மிகுதியாக ஹிஸ்டமின் உண்டாக்குவதைக் கண்டார்கள். ஐ.பி.எஸ். என்பது ஒரே நோயல்ல, பல நோய்களுக்கு இட்ட ஒரே பெயர் என்று நினைக்கிறேன்.

வாவிக்கரை

மற்றவரின் மலத்தைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சையையும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன்.

ஆய்வுகூடத்தான்

சொல்கிறேன் அக்கா. நோர்வேயில் 2020இல் வெளிவந்த ஆய்வில், கவனமாகத் தேர்ந்த ஒரே கொடையாளியின் மலம் 60 கிராம் பெற்றவர்களில் 89 சதவீதத்தினரும், தமது சொந்த மலத்தையே திரும்பப் பெற்றவர்களில் 24 சதவீதத்தினரும் தேறினர். வியப்பான முடிவு. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்னர் டென்மார்க்கில் கப்சியூல் வழியாகக் கொடுத்தபோது, வெற்றுக் கப்சியூல் பெற்றவர்களே கூடுதலாகத் தேறினர்! அமெரிக்க வழிகாட்டல் ஐ.பி.எஸ்.க்கு இச்சிகிச்சை வேண்டாம் என்கிறது. வீட்டில் யாரும் முயன்று பார்க்கக்கூடாது. கொடையாளியின் தொற்றும் சேர்ந்தே வரும்.

அக்கரைப்பற்று வாசகர்

எனக்கு வயிற்றோட்ட வகை. நோன்பு காலத்தில் பகல் முழுவதும் சுகமாக இருக்கிறது. நோன்பு திறந்து அரைமணியில் ஓட வேண்டியிருக்கிறது.

கறிக்கூட்டு

நானா, வெற்று வயிற்றில் பெரும் உணவு ஒரேயடியாக இறங்கும்போது பெருங்குடல் தானாகவே சுருங்கும். எண்ணெய்ப் பலகாரம் அதை மேலும் தூண்டும். ஒன்றிரண்டு பேரீச்சம்பழமும் நீருமாகத் திறந்து, தொழுதுவிட்டு வந்து, உள்ளி அரித்தெடுத்த எண்ணெயில் தாளித்த கஞ்சியைச் சிறு கோப்பையாகக் குடியுங்கள். மற்ற உணவை இரவில் இரண்டாகப் பிரித்து உண்ணுங்கள்.

படுவான்கரையான்

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனைப் பொதியை வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும்?

ஆய்வுகூடத்தான்

கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். வயிற்றோட்ட வகையினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பித்த அமிலம் சரியாக மீளுறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் இறங்குவதே காரணமாக இருக்கிறது. அதற்குத் தனியான மருந்து உண்டு, ஆகவே அதையும் கேளுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மாரி தொடங்கியதும் கிணற்றுக்குக் குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். இன்னொரு தொற்று வந்தால் பழைய வேதனை இரட்டிக்கும்.

வாவிக்கரை

தம்பி, ஈசப்கோல் உமியையும் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். பாமசியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இறுகிய மலத்தை இளக்கும், இளகிய மலத்தைத் திரட்டும். கோதுமைத் தவிட்டைப்போல் வாயுவைக் கிளப்புவதில்லை. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை மெல்லக் கூட்டுங்கள். பெரிய குவளை நீரில் கலந்ததும் கெட்டியாகுமுன் குடித்துவிட வேண்டும், அதன் பின் இன்னொரு குவளை நீரும் அவசியம். வேறு மாத்திரைகள் எடுப்பதாயின் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள்.